சாமான் அறையில் ஒரு பாம்பு

கராமா, துபாய்
12.6.1986

அன்புள்ள ராசம்மா அக்காவுக்கு,

தங்கச்சி காளியம்மா எழுதுகிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் எஜமானி ஆபிதா அம்மாவும் பிள்ளைகளும் சுகமா? நான் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்து பத்து மாதம் ஆகிவிட்டது. காய்ச்சல், தலைவலி என்று ஒரு நாளும் படுக்கவில்லை.

வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கிறது. பாம்பு. நிஜப் பாம்புதான் அக்கா. எங்கள் சிவகுருநாதன் ஐயா கணக்கு எழுதுகிற கம்பெனியின் பெரிய மேனேஜர் பார்க்கர் என்ற வெள்ளைக்காரர். அது அவர் ஆசையாக வளர்ப்பது. அவரும் பெண்சாதியும் லீவில் இங்கிலாந்து போகிறார்கள், செப்டம்பரில்தான் திரும்புவார்கள். பாம்பை யார் பார்த்துக்கொள்வது என்று அவர் ஆபீஸில் கேட்டபோது எல்லோரும் மேசையைப் பார்த்தார்களாம். ஐயா மட்டும் எழுந்து நின்று, "ஐ லவ் ஸ்நேக்ஸ், சேர்" என்றாராம். இதை மங்கை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். அம்மா தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தார். செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை.

பாம்பின் பெயர் பெட்டி. வெள்ளைக்காரப் பெண்களுக்கு வைக்கிற பெயராம். பெட்டி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மலைப்பாம்புச் சாதிதான், ஆனால் குள்ளம். மூன்றடி இருக்கும். விஷமில்லை. யாராவது கிட்டப் போனால் தேங்காய் அளவுக்குச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். அதற்கும் ஐயாவுக்குப் பயம். பார்க்கர் எழுதிக் கொடுத்த தாளை ஹாலின் மறு மூலையில் நின்றுகொண்டு எனக்கு வாசித்துக் காட்டுகிறார். தண்ணீர் மாற்றுவது, பெட்டியைக் கழுவுவது, பதினைந்து நாளைக்கு ஒரு கோழிக்குஞ்சு போடுவது எல்லாம் நான். "நீ தோட்டக்காட்டாள்தானே, உனக்கு உதெல்லாம் பழக்கம்தானே" என்று நாம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்ததைக் குத்திக் காட்டுகிறார். எனக்குப் பழக்கம்தான். பழக்கமில்லாதவர் எதற்கு எழுந்து நின்றார்?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் படுப்பது குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையில். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. போடச் சொல்லி அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டேன். "உன்னட்டை என்ன இருக்கு, பூட்டி வைக்க?" என்றார். ஐயா மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்கு வந்தால் நாலு மணிக்குத்தான் திரும்ப டியூட்டிக்குப் போவார். அம்மாவுக்கு ஒரு கிளினிக்கில் மூன்று மணிவரை டைப் வேலை. இடையில் இருக்கிற இரண்டு மணி நேரமும் ஐயாவுக்குத் தண்ணீர்த் தாகம். அப்படித் தாகம் எடுக்கிற மனிதரை நான் பார்த்ததில்லை. குவளையை வாங்கும்போது என் விரல்களையும் சேர்த்து வாங்குகிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில் போடு. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லு.

உன் தங்கச்சி
காளியம்மா

*

அப்பாசியா, குவைத்
25.6.1986

தங்கச்சி காளிக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் சுகம். முதுகுவலி அதன் பாட்டுக்கு இருக்கிறது. இங்கே வெயிலில் தெருவில் கால் வைக்க முடியவில்லை.

உன் கடிதத்தைப் படித்துப் பாதி சிரித்தேன், பாதி எரிச்சல்பட்டேன். சிரிப்பு உன் ஐயாவுக்கு, எரிச்சல் உனக்கு. தாழ்ப்பாள் கேட்டாயாமே? நீ என்ன அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறாயா? வீட்டுக்காரர் தன் குசினியில் தண்ணீர் கேட்கிறார், அதற்கும் உனக்கு ஒரு கதை. பத்து மாதத்தில் சொகுசு பழகிவிட்டது. நான் குவைத்தில் முதல் வீட்டில் பதினொரு மாதம் வாயைத் திறக்கவில்லை. திறக்காததால்தான் இன்று இந்த நல்ல வீட்டில் இருக்கிறேன். குவளையை மேசையில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். இனி இதைப் பற்றி எனக்கு எழுதாதே.

பாம்புக்கு நேரத்துக்கு இரை போடு. அதற்கு ஏதாவது ஆனால் பழி உன் தலையில்தான் விழும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
ராசம்மா

*

கராமா
8.7.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. இன்னொருவர் படித்த பிறகு கிடைத்தது என்று சொல்ல வேண்டும். நீ ஒட்டின பசை காய்ந்திருந்தது, அதன் மேல் இன்னொரு பசை ஈரமாக இருந்தது. உன் கடிதங்கள் ஐயாவின் கம்பெனித் தபால் பெட்டிக்கு வருகின்றன. அவர் பிரித்துப் படித்து, ஒட்டித் தருகிறார். அன்று முழுவதும் ஐயா நல்ல சந்தோஷத்தில் இருந்தார். "கொக்கா புத்தியான மனுசி" என்று உன்னைப் புகழ்ந்தார். தாகமும் கூடிவிட்டது.

நான் எழுதுவதை அவர் பார்க்க முடியாது. கீழே மளிகைக் கடை வைத்திருக்கிற நெய்னா முகம்மது அண்ணனிடம் கொடுத்துத்தான் தபாலில் போடுகிறேன். கீழக்கரைக்காரர். உன் பதிலையும் இனி அவர் கடைப் பெட்டிக்கே போடு. நம்பரைக் கவரில் எழுதியிருக்கிறேன்.

பாம்பு தப்பிவிட்டது. போன வெள்ளிக்கிழமை ஐயாவின் ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் சாப்பிட வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஐயா வீடு கூட்டுகிற தும்புத்தடியின் நுனியால் பெட்டியின் மூடியைத் தள்ளித் திறந்து, "பாருங்கோ, என்ன வடிவு" என்று காட்டினார். மூடியைச் சரியாகச் சாத்தவில்லை. சாயங்காலம் பார்த்தால் உள்ளே தண்ணீர்ச் சட்டி மட்டும் இருக்கிறது.

ஐயா சாப்பாட்டு மேசை நாற்காலியில் ஏறிவிட்டார். அம்மா கட்டிலில். நான் தரையில்.

"நீதான் மூடியைப் பூட்டேல்லை" என்றார் ஐயா, நாற்காலி மேல் நின்றபடி.

"நான் தொடவே இல்லைங்க. நீங்கதான் வந்தவங்களுக்குத் திறந்து காட்டினீங்க."

"வாய் காட்டாதை. பார்க்கர் வரமுதல் பாம்பு உதுக்கை இருக்கவேணும். இல்லாட்டி உன்னைக் கான்சல் பண்ணிப் பிளேனிலை ஏத்திப்போடுவன்."

மூன்றடிப் பாம்புக்குப் பயந்து நாற்காலியில் நிற்கிறவர் என்னைப் பிளேனில் ஏற்றுவாராம். ஆனாலும் அக்கா, விசா அவர் கையில்தான் இருக்கிறது. பாஸ்போர்ட்டும்.

நான்கு நாளாகத் தேடுகிறேன்.

உன் தங்கச்சி
காளியம்மா

*

அப்பாசியா
20.7.1986

தங்கச்சி காளிக்கு,

சுகம். ஆபிதா அம்மாவின் சின்னவளுக்கு அம்மை போட்டு இறங்கியது. உனக்கு எழுத இன்றுதான் நேரம் கிடைத்தது.

இரண்டு அறை வீட்டில் ஒரு பாம்பைப் பிடிக்கத் தெரியாத நீ அப்புத்தளையில் பிறந்தவள் என்று வெளியில் சொல்லாதே. ஏசி போட்ட ஹாலில் அது ஏன் கிடக்கப் போகிறது? குளிருக்கு ஆகாத உயிர். சூடான இடமாகப் பார். பிரிஜ், வாஷிங் மெஷின் பின்னால் பார். பிடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, நல்ல பெயர் வாங்கிக்கொண்டு, மிச்சக் காலத்தை ஓட்டு. கான்சல் ஆகி ஊருக்குப் போனால் தோட்டத்து லயத்தில் ஆளுக்கு ஒரு கதை கட்டுவார்கள். பாம்புக் கதையை ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

கிடைத்ததும் எழுது.

அக்கா
ராசம்மா

*

கராமா
31.7.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சின்னவளுக்குத் தழும்பு விழாமல் ஆறியதா?

பாம்பு கிடைக்கவில்லை. சாமான் அறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வாலைப் பார்த்தேன் என்று மட்டும் அவர்களிடம் சொன்னேன். அன்றிலிருந்து ஐயா குசினிக்குள் கால் வைப்பதில்லை. தண்ணீர்ப் போத்தலை ஹாலிலேயே வைத்துக்கொள்கிறார். சோபாவில் இரண்டு காலையும் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறார். தாகம் முழுதாகத் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. "போய்த் தேடு, போய்த் தேடு" என்று அங்கிருந்தே சத்தம் போடுவார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

மூன்று கிழமையாக மத்தியானத்தில் கொஞ்சம் கண் அயர்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

காளியம்மா

*

அப்பாசியா
9.8.1986

காளி,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்துக்கொண்டே அடுப்பில் வைத்த பாலைப் பொங்க விட்டுவிட்டேன். ஆபிதா அம்மா வந்து அடுப்பை அணைத்தார்.

பாம்பு எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறாய். அது பெட்டிக்குள் போன மறுநாள் அவன் குவளையோடு வந்துவிடுவான். சரிதானே?

நீ முதல் கடிதத்திலேயே விஷயத்தைச் சொன்னாய். எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் அப்படி எரிந்து விழுந்தேன். முதல் வீட்டில் பதினொரு மாதம் வாயைத் திறக்கவில்லை என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே, அந்த வீட்டில் எஜமானியின் தம்பி ஒருவன் இருந்தான். என் அறைக்கும் தாழ்ப்பாள் இல்லை. பாம்பும் இல்லை.

இதை நான் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. உன் அத்தானுக்குத் தெரியாது. ஏழு வருஷம் கழித்து நேற்றுத்தான் ஆபிதா அம்மாவிடம் சொன்னேன். பால் சட்டியை அவரே தேய்த்துக் கழுவினார்.

பாம்பு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இதோடு இன்னொரு கடிதம் கம்பெனிப் பெட்டிக்கே போடுகிறேன். உன் பெயருக்குத்தான். படிக்க வேண்டியவன் படிப்பான்.

அக்கா

*

அப்பாசியா
9.8.1986

பாசமுள்ள தங்கச்சி காளியம்மாவுக்கு,

அக்கா ராசம்மா எழுதிக்கொள்வது. நீயும், உன் ஐயாவும், மங்கை அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க நயினாதீவு அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

சிவகுருநாதன் ஐயா படித்தவர், பெரிய குடும்பத்துப் பிள்ளை. வேலைக்காரிக்கு வரும் கடிதத்தை ஆவி காட்டிப் பிரிக்கிற ஈனப் புத்தி அவருக்கு இருக்காது. ஆகவே மனம் விட்டு எழுதுகிறேன்.

ஐயாவின் மத்தியானத் தாகத்தைப் பற்றி நீ எழுதிய கடிதங்கள் எல்லாம் ஆபிதா அம்மாவின் அலுமாரியில் தேதிவாரியாக இருக்கின்றன. அம்மாவின் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற வேலை. அவர் எல்லாவற்றையும் மூன்று பிரதி அடித்து வைத்திருக்கிறார். ஒன்று பார்க்கர் துரைக்கு. ஒன்று மங்கை அம்மா வேலை செய்கிற கிளினிக்குக்கு. மூன்றாவது சுன்னாகத்தில் கோயில் தர்மகர்த்தாவாக இருக்கிற ஐயாவின் தகப்பனாருக்கு. அவருக்கு மட்டும் தமிழில். முத்திரையும் ஒட்டியாகிவிட்டது.

நீ நலமாக இருக்கிறாய் என்று மாதம் ஒரு கடிதம் எனக்கு வந்தால் அவை அலுமாரியிலேயே கிடக்கும். உன்னைக் கான்சல் செய்தாலும் சரி, தாகம் திரும்ப வந்தாலும் சரி, அன்றைக்கே தபாலில் போகும்.

விஷமில்லாத ஒரு பிராணிக்கு நாற்காலியில் ஏறுகிற ஆம்பிளை, வீட்டில் ஆளில்லாத நேரத்தில் ஒரு பெண்ணிடம் மட்டும் தைரியம் காட்டுவான் என்றால் அவனை எதில் சேர்ப்பது என்று இங்கே நாங்கள் யோசித்துப் பார்த்தோம். ஒன்றிலும் சேரவில்லை.

ஐயாவுக்கு என் பணிவான வணக்கத்தைச் சொல்லு.

உன் அக்கா
ராசம்மா

*

கராமா
24.8.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன்னைப் பற்றித்தான் ஒரு கிழமையாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ கடைப் பெட்டிக்கு எழுதியதைப் படித்துவிட்டுக் கடையின் பின்பக்கம் நின்று அழுதேன். நெய்னா அண்ணன் ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார். நான் கிழித்துப் போடுவேன் என்று பயப்படாதே. வைத்திருக்கிறேன்.

உன் மற்றக் கடிதம் வந்த விதத்தைச் சொல்கிறேன். ஐயா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கவரைக் குசினி வாசலுக்கு வெளியே நின்று நீட்டினார். பசை இரண்டு தடவை அல்ல, மூன்று தடவை ஒட்டியிருந்தது. "கொக்காவின்ரை கடிதம்" என்றார். "அக்கா என்ன எழுதியிருக்காங்கன்னு தெரியலையே" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். படித்தேன் என்று சொல்லவும் முடியாது, படிக்காதவர் போல நிற்கவும் முடியவில்லை. ஒரு மனிதர் தன் வீட்டிலேயே நிற்க இடமில்லாமல் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். இரண்டாம் நாள் தச்சன் வந்தான். தாழ்ப்பாள் போட்டாயிற்று. பித்தளைத் தாழ்ப்பாள்.

பாம்பு எனக்கு ஜூலை எட்டாம் தேதியே கிடைத்துவிட்டது. உனக்குக் கடிதம் எழுதி நெய்னா அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்து பார்க்கிறேன், சாமான் அறையில் பிரீசருக்குப் பின்னால், மோட்டார்ச் சூட்டில் சுருண்டு கிடக்கிறது. கையில் எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. ஹாலுக்குக் கொண்டுபோக ஓரடி வைத்தேன். ஐயா ஹாலில் செருமுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் போய் இருந்த இடத்திலேயே விட்டேன். ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தேன். கோழிக்குஞ்சுக்கு நெய்னா அண்ணனிடம் சொல்லி வைத்தேன்.

இன்னொன்று. இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி, உன் கடிதம் வருவதற்கு முன்பே, மங்கை அம்மா காய்ச்சலோடு ஒன்றரை மணிக்கே வந்துவிட்டார். மல்லித் தண்ணீர் கேட்டுச் சாமான் அறைக்குள் வந்தார். நான் குந்தியிருந்து சட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாம்பு தலையை நீட்டியிருந்தது. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எப்ப கண்டனி?"

"ஒரு மாசத்துக்கு மேலே ஆச்சுங்க."

அம்மா கதவின் உள்பக்கத்தைப் பார்த்தார். தாழ்ப்பாள் இல்லாத இடத்தை. பிறகு ஹால் பக்கம் பார்த்தார். அங்கே ஐயா காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"பார்க்கர் வாறமட்டும் உது உங்கையே கிடக்கட்டும்" என்றார். மல்லித் தண்ணீருக்கு நிற்காமலே போய்ப் படுத்துவிட்டார்.

அவருக்கு முன்பே தெரியும் அக்கா. நான் தாழ்ப்பாள் கேட்ட அன்றே தெரியும். படித்த மனுஷி, இங்கிலீஷில் நிமிஷத்துக்கு எத்தனையோ வார்த்தை டைப் அடிக்கிறவர், தன் புருஷனிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. எனக்குக் காவலாக அவர் தந்தது ஒரு பாம்பு. அதுவும் அவருடையது அல்ல. ஐயா மேல் எனக்கு இருப்பது அருவருப்பு. அம்மா மேல் இருப்பது அதைவிடக் கீழான ஒன்று. பெயர் தெரியவில்லை.

உடம்பைக் கவனி.

காளியம்மா

*

அப்பாசியா
3.9.1986

தங்கச்சி காளிக்கு,

சுகம். ஆபிதா அம்மா உன்னைத் தினமும் விசாரிக்கிறார். பித்தளைத் தாழ்ப்பாளைக் கேட்டு அவர் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் ஒரு பிரதியும் அடிக்கவில்லை என்பதை உனக்குச் சொல்ல மறந்துவிட்டேன். டைப் மெஷினில் ரிப்பன் இல்லை.

அந்த அம்மாவைப் பற்றி நீ எழுதியதில் எனக்கும் பங்கு உண்டு. தெரிந்துகொண்டே "உனக்குத் தாழ்ப்பாள் எதற்கு" என்று கேட்டவர்கள் இரண்டு பேர். அவர் ஒருத்தி, நான் ஒருத்தி. அவருக்காவது கூடப் பிறந்தவள் இல்லை நீ.

அவர் மேல் வைத்திருப்பதில் பாதியை என் மேல் வை. நான் தாங்குவேன்.

அக்கா

*

ஜுமைரா, துபாய்
10.10.1986

அன்புள்ள ராசம்மா அக்காவுக்கு,

மேலே ஊரைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பாய். நான் பார்க்கர் வீட்டில் இருக்கிறேன். உன் மேல் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். முதுகுக்குத் தடவ ஒரு தைலம் நெய்னா அண்ணனின் மச்சான் கையில் அனுப்பியிருக்கிறேன்.

பார்க்கர் வருவதற்கு முதல் நாள் பாம்பை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் விட்டேன். "கிடைச்சிருச்சுங்க" என்றேன். ஐயா எங்கே, எப்படி என்று கேட்கவில்லை. "தப்பினதை அவரிட்டைச் சொல்லிப்போடாதை" என்று மட்டும் சொன்னார், சுவரைப் பார்த்து.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பார்க்கர் வந்தார். சிவந்த முகம், பெரிய சிரிப்பு. ஐயா கோட்டுப் போட்டிருந்தார், வீட்டுக்குள். தினமும் தானே கையில் எடுத்து விளையாடியதாகவும், பிரிய மனமில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். பார்க்கர் ஒரு துணிப் பையை அவரிடம் கொடுத்து, அப்படியானால் நீங்களே எடுத்து இதற்குள் விடுங்கள், உங்கள் கை அதற்குப் பழகியிருக்கும் என்றார்.

ஐயா பெட்டிக்குப் பக்கத்தில் போனார். மூடியைத் திறந்தார். கையை உள்ளே விட்டார், முழங்கை வரை அல்ல, மணிக்கட்டு வரை. பாம்பு தலையைத் தூக்கியது. அவர் கையை இழுத்த வேகத்தில் தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கோட்டெல்லாம் நனைந்துவிட்டது. பார்க்கரின் சிரிப்பு நின்றது.

அப்போது மங்கை அம்மா பேசினார். இங்கிலீஷில், மெதுவாக, எனக்கும் புரிகிற மாதிரி. இவர் ஒரு நாளும் இதைத் தொட்டதில்லை. பார்த்துக்கொண்டது காளியம்மா. பாம்பு இரண்டு மாதம் பெட்டியை விட்டுத் தப்பியிருந்தது, தப்ப விட்டதும் இவர்தான். காளியம்மா இந்த வீட்டை விட்டுப் போக விரும்புகிறாள். வேறு வீட்டுக்கு மாற என் கணவர் ரிலீஸ் கொடுப்பார்.

ஐயா வாயைத் திறந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஈரக் கோட்டோடு நிற்கிற அவரைப் பார்க்கக்கூட வேண்டாம் என்பது போல. நான் பாம்பை எடுத்துப் பையில் விட்டு முடிச்சுப் போட்டேன்.

பார்க்கர் என்னைப் பார்த்து, எங்கள் வீட்டுக்கு வருகிறாயா, என் மனைவி நாள் முழுவதும் வீட்டில்தான் இருக்கிறாள், உதவிக்கு ஆள் தேடுகிறோம் என்றார். நான், "ரூம், லாக்?" என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஐயாவை நெடுநேரம் பார்த்தார். "கீயும் தருகிறேன்" என்றார். ஐயாவிடம், ரிலீஸ் பேப்பர் ஞாயிற்றுக்கிழமைக்குள் என் மேசைக்கு வர வேண்டும் என்றார்.

"யெஸ், சேர்" என்றார் ஐயா. அந்த இரண்டு வார்த்தைதான் அவருக்கு எப்போதும் நன்றாக வரும்.

புறப்படும்போது அம்மா என் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து தந்தார். "இனி இந்த வீட்டுக்கு ஆள் எடுக்கமாட்டன்" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் தெரியாத ஒன்று கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை.

நேற்றுச் சாமான் வாங்கச் சத்வாவுக்குப் போனேன். மீன் கடையில் ஐயா நின்றார். என்னைக் கண்டதும் வழக்கம் போல முகத்தைத் தூக்கினார். அப்புறம் என் கையைப் பார்த்தார். கையில் பார்க்கர் வீட்டுத் துணிப் பை, வாய் முடிச்சுப் போட்டது. அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். பையைக் கீழே வைத்து, குந்தி, முடிச்சை மெதுவாக அவிழ்த்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஐயா தெருவின் அந்தப் பக்கம் இருந்தார். வாங்கின மீன் தராசிலேயே கிடந்தது. கடைக்காரர், "என்னம்மா இவர், மீனை விட்டுட்டு ஓடுறாரு?" என்றார்.

பைக்குள் இருந்தது வெங்காயம்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை அக்கா. தெருவில் நின்று, தனியாக, வாய்விட்டுச் சிரித்தேன். நீயும் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஆபிதா அம்மாவுக்கு என் அன்பு. நீ நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு.

தங்கச்சி
காளியம்மா